வாங்கின கால் சொந்தக் கால் ஆகுமா

நம்புகிறவர்கள் நிமிர்ந்து உட்காருங்கள். நம்பாதவர்கள் சாய்ந்துகொண்டே நம்பாமல் இருக்கலாம், எனக்கு நஷ்டமில்லை.

கொண்டையூரில் குட்டி விமானச் சங்கம் என்று ஒன்று இருந்தது. பெட்டியில் துண்டு துண்டாக வரும் பிளாஸ்டிக் விமானத்தைப் பசை போட்டு ஒட்டி, வர்ணம் பூசி, அலமாரியில் வைத்து, வருஷம் பூராவும் தூசி தட்டுவது சங்கத்தின் வேலை. அங்கத்தினர் நாலு பேர். நாலு பேருக்கும் டவுன் பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றும்.

தலைவர் கனகசபாபதிக்குப் பல்செட். தாசரதி தர்க்கத்தில் புலி என்று பேர். அந்தப் பேரை வைத்தவனும் அவன்தான். சின்னப்பன் எதைச் சொன்னாலும் யோசிக்காமல் செய்துவிடுவான். நாலாவது ஆள் ஏகாம்பரம். முப்பது தாண்டிவிட்டது. சாப்பாடு அண்ணன் வீட்டில், தூக்கம் சங்கத்தில்.

ஏகாம்பரத்துக்குத் துரைக்கண்ணுவின் மகள் மங்கையர்க்கரசியைக் கட்டிக்கொள்ள ஆசை. அதில் அதிசயம் இல்லை. அந்தப் பெண்ணுக்கும் அவன்மேல் ஆசை என்பதுதான் ஊருக்கு விளங்கவில்லை. கேட்டவர்களிடம், "சொன்னதைச் சொன்னபடி கேக்கற ஆம்பளை வேற எங்க இருக்கான், காட்டுங்க," என்றாள். யாரும் காட்டவில்லை.

அந்த வருஷம் சங்கத்தார் ஒரு பெரிய குண்டு போடுகிற விமானத்தை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட வந்த தாளில், "மூக்கில் எடை வைக்கவும், இல்லையேல் வாலில் உட்காரும்" என்று போட்டிருந்தது. தலைவர் சத்தமாகப் படித்து முடிப்பதற்குள் சின்னப்பன் இரண்டு ஈயக் குண்டுகளை எடுத்து, தன் மூக்கில் பக்கத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டான். அப்படியும் விமானம் வாலில் உட்கார்ந்தது.

"இன்னொண்ணு வை," என்றார் தலைவர்.

"இடபில்லை தலைவரே," என்றான் சின்னப்பன். 'ம்' வெளியே வர முடியாமல் ஈயம் மறித்துக்கொண்டது.

கம்பவுண்டர் சாமணத்தால் குண்டுகளை எடுத்துவிட்டு, அது விமானத்தின் மூக்கு என்று விளக்கினார். ஒரு மனிதன் மூக்கில் வைத்தால் விமானம் எப்படி நிமிரும் என்று அப்போதுதான் எல்லாருக்கும் சந்தேகம் வந்தது. சின்னப்பன் குண்டுகளைக் கழுவி, எதற்கும் இருக்கட்டும் என்று மடியில் முடிந்துகொண்டான்.

விமானத்தின் மூக்கில் எவ்வளவு வைப்பது? தாளில், "போதும் என்கிற வரை" என்று இருந்தது. சங்கத்தில் 'போதும்' சொல்லும் அதிகாரம் தலைவருக்கு மட்டும்தான். அவர் பக்கத்து அறையில் வடை தின்றுகொண்டிருந்தார். வடைக்கே அவர் போதும் என்று சொன்னதில்லை. ஆகவே தாசரதியும் சின்னப்பனும் ஈயத்தைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் விமானம் அம்மிக்கல் கனம் கனத்தது. பிளாஸ்டிக் கால்கள் கீரைத்தண்டு மாதிரி மடங்கின. விமானம் வயிறு தரையில் படப் படுத்துவிட்டது.

பெண் கேட்டவனை எடை போட்டுப் பார்க்கத் துரைக்கண்ணு வந்தது அந்த நேரத்தில்தான். அவர் விமானப்படையில் டயர் மாற்றி ரிட்டையர் ஆனவர். படுத்திருந்த விமானத்தைப் பார்த்தார். பக்கத்தில் படுத்திருந்த ஏகாம்பரத்தையும் பார்த்தார்.

"வளவளன்னு பேச எனக்குத் தெரியாது," என்றார். "முதல்ல சொந்தக் கால்ல நிக்கட்டும். பொங்கல் கழிச்சு வந்து பாக்கறேன். நின்னா பொண்ணு. நிக்கலைன்னா திருச்சி மாப்பிள்ளை ரெடியா இருக்கான்."

அவர் போனதும் நாலு பேரும் விமானத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"பாத்த உடனே நோயைக் கண்டுபிடிச்சுட்டார் பாருங்க," என்றான் ஏகாம்பரம். "கால்தான் கோளாறு. இது நிக்கலைன்னா என் கல்யாணமும் படுத்துடும்."

"பட்டணத்துக் கடையில மெட்டல் கால் தனியா விக்கறான்," என்றான் தாசரதி. "வளையாது, உடையாது. வாங்கிப் போட்டா நிக்கும்."

தலைவர் பல்செட்டை ஒரு தரம் சரிசெய்துகொண்டார். "நிக்கும்டா. ஆனா அவர் சொன்னது சொந்தக் கால். பெட்டியோட பொறந்த கால்தான் சொந்தம். வாங்கின கால் சொந்தக் கால் ஆகுமா?"

தாசரதி விடவில்லை.

"காசு குடுத்து வாங்கினா சொந்தம்தானே தலைவரே. நீங்க வாங்கின செருப்பு உங்க சொந்தச் செருப்புதானே?"

"செருப்பு சொந்தம். ஆனா அதைப் போட்டுக்கிட்டு நிக்கறப்ப நான் சொந்தக் கால்ல நிக்கறேனா, சொந்தச் செருப்புல நிக்கறேனா?"

எதில் நிற்கிறோம் என்ற வம்பே வேண்டாம் என்று நாலு பேரும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டார்கள்.

"கனம்னு ஒண்ணு இருக்கே," என்றான் சின்னப்பன். "மெட்டல் கால் போட்டா இன்னும் கனக்குமே."

"கால் தாங்கறது உடம்பைத்தான். காலை யாரு தாங்கறா? தரை. தரைக்கு என்ன கேடு?" என்று தாசரதி அவனை அடக்கிவிட்டு, தலைவர் பக்கம் திரும்பினான். "கோவிச்சுக்காதீங்க. உங்க பல்லு வாங்கினதுதானே? முறுக்கைக் கடிக்கறப்ப யார் பல்லால கடிக்கறீங்க?"

தலைவர் பல்செட்டை நாக்கால் தடவிப் பார்த்தார். "என் பல்லாலதான்," என்று ஒப்புக்கொண்டார். வாங்கினது எல்லாம் சொந்தம் என்று அன்றைக்குத் தீர்மானம் ஆயிற்று. செருப்புகளை அதற்குள் நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

கால்கள் பார்சலில் வந்தன. கூடவே ஒரு சீட்டு: "காலை ஒட்டவும். உலரும்வரை கை எடுக்க வேண்டாம்." வந்த நேரம் நல்ல மத்தியானம்.

"அப்ப நாளைக்குத்தான்," என்றார் தலைவர். "காலை ஒட்டணும்னு போட்டிருக்கு."

"தலைவரே, ஒட்ட வேண்டியது காலை," என்றான் ஏகாம்பரம்.

"ஒட்ட வேண்டியது காலைதான். இப்ப மத்தியானம்."

"நான் எதைன்னு சொல்றேன்."

"நான் எப்பன்னு சொல்றேன். ரெண்டு பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்றோம், அதுல எதுக்குடா சண்டை?"

இப்படியே சமாதானமாகப் பேசிப்பேசி பொங்கலும் வந்து போயிற்று. துரைக்கண்ணு வருவதாகச் சொன்ன அன்று விடிந்ததும் அவசர அவசரமாக ஒட்டினார்கள். மேலே விமானத்தில் பசை, கீழே சக்கரத்தில் பசை. நிற்க வேண்டுமே என்று மேஜையிலும் பசை. சீட்டில் சொன்னபடி நாலு பேரும் கை எடுக்காமல் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கையை விமானம் பிடித்துக்கொண்டது.

துரைக்கண்ணு உள்ளே வந்தார். பெரியவருக்கு மரியாதையாக நாலு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து கும்பிடப் போனார்கள். விமானம் நாலாகப் பிய்ந்து நாலு கைகளோடு போயிற்று. கால்கள் மட்டும் மேஜைமேல் ஜம்மென்று நிமிர்ந்து நின்றன. உலோகம் உலோகம்தான், சும்மா சொல்லக்கூடாது.

"பாருங்க மாமா, நிக்குது," என்றான் ஏகாம்பரம்.

"விமானம் எங்கடா?"

"அது எங்க கையில இருக்கு. கால் யார் தயவும் இல்லாம நிக்குது."

துரைக்கண்ணு மேஜையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். "நான் விமானத்தைச் சொல்லலைடா. உன்னைச் சொன்னேன். நீ சொந்தக் கால்ல நிக்கணும். ஆவணி வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல திருச்சிக்காரன்தான்."

அவர் போன பிறகு தலைவர் ஏகாம்பரத்தின் வேட்டியை முழங்கால்வரை தூக்கிப் பார்த்தார். "ரெண்டு கால் இருக்கே. இன்னும் என்ன கேக்கறார்?"

"அண்ணன் சோத்துல வளந்த கால் அது," என்றான் தாசரதி. "அப்ப அது அண்ணன் கால். இவனுக்குச் சொந்தக் கால் வேணும்னா வாங்கித்தான் ஆகணும். தீர்மானமே போட்டிருக்கோம்."

கடைக்குப் போன் போட்டார்கள். அஞ்சரை அடி ஆளுக்கு மெட்டல் கால் வேண்டும் என்றார்கள். கடைக்காரர் சிரித்துவிட்டு, "எங்ககிட்ட எல்லாமே எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுதான் சார்," என்றார்.

தலைவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்றவர்களைக் கலந்துகொண்டார். பிறகு, "அப்ப எழுபத்திரண்டு ஜோடி போட்டு அனுப்புங்க," என்றார். "ஒண்ணாச் சேத்துக்கறோம்."

"இவ்வளவு சரக்குக்குப் பணம் முன்னாலயே கட்டணும் சார். எப்ப அனுப்ப?"

"காலை அனுப்புங்க."

"காலைத்தான் அனுப்புவேன் சார். எப்ப?"

அந்தப் பேச்சு எப்போது முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பணத்துக்காக ஏகாம்பரம் மாவு மில்லில் வேலைக்குச் சேர்ந்தது மட்டும் தெரியும். மூட்டை தூக்கினான், மிளகாய் அரைத்தான், தும்மினான், ஒரு நாளும் லீவு போடவில்லை. ஆடி கடைசியில் அந்தப் பக்கம் வந்த துரைக்கண்ணு, தலைமுதல் பாதம்வரை வெள்ளை வெளேரென்று நின்றவனைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"மாப்பிள்ளை," என்றார், முதல் தடவையாக. "சொந்தக் கால்ல நிக்கறீங்க. ஆவணியில கல்யாணத்தை வச்சுக்கலாம்."

ஏகாம்பரம் பதறிப்போய்ப் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். "மன்னிச்சுக்கங்க மாமா. இது அண்ணன் காலு. என்னுது பார்சல்ல வருது."

சந்தோஷத்தில் உளறுகிறான் என்று துரைக்கண்ணு நினைத்துக்கொண்டார்.

முகூர்த்த நாள் வந்தது, பார்சல் வரவில்லை. இரவல் காலில் நின்று மாமனாரை ஏமாற்ற மாட்டேன் என்று ஏகாம்பரம் மண்டப வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். தாசரதியும் சின்னப்பனும் அவனை நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கின வேகத்தில் மாப்பிள்ளை பின்பக்கமாகச் சாய்ந்தான்.

"வாலில் உட்காரப் போறான்," என்றார் பின்னால் வந்த தலைவர். "மூக்குல எடை இல்லாம யாருடா தூக்கச் சொன்னது?"

சொன்னால் யோசிக்காமல் செய்கிற சின்னப்பன் ஒரு கையால் மடியை அவிழ்த்தான்.

மணவறையில் கொண்டுபோய் வைத்தார்கள். மங்கையர்க்கரசி ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்; அவள் தோள் குலுங்கியது. மாப்பிள்ளையின் மூக்கு இரண்டு பக்கமும் புடைத்திருப்பதைக் கண்ட துரைக்கண்ணு, அழுது அழுது வீங்கிவிட்டதோ என்று பயந்துபோய் அவன் காதோரம் குனிந்தார்.

"மாப்பிள்ளை, மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்களுக்குச் சம்மதந்தானே?"

ஏகாம்பரம் அவரை நிமிர்ந்து பார்த்து, கண்ணியமாகச் சொன்னான்:

"சப்பதப், பாபா."