பாதிச் சுவர் நீலம்

ஒரு ஊர்ல ஒரு சுவர் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பாதி பிங்க், பாதி நீலம். நடுவுல ஒட்டியிருந்த டேப்பை ஒருத்தி வயித்துல ஒரு கையை வச்சுக்கிட்டு மெதுவா உரிச்சா. சர்ர்ர்ர்...

"ம்."

அவ பேரு மணிமொழி. புருஷன் இளம்பரிதி ஸ்டூல் மேல நின்னு டேப்போட மேல்நுனியைப் பிடிச்சிருந்தான். புது ஃப்ளாட், மேல்மாடி. வரப்போற பாப்பாவுக்கு அந்த ரூம்.

"ஏன் சித்தி ரெண்டு கலரு?"

பொறக்கப் போறது பையனா பொண்ணான்னு நம்ம ஊர்ல டாக்டர் சொல்லக் கூடாதே. பையன்னா நீலம், பொண்ணுன்னா பிங்க்னு பரிதி போன்ல படம் படமா பார்த்து வச்சிருந்தான். எதுன்னு தெரியாததால பாதிப் பாதி. அப்புறம் எல்லாமே ஜோடி ஜோடியா வாங்கினாங்க. பிங்க் திரை, நீலத் திரை. பிங்க் விளக்கு, நீல விளக்கு. பிங்க் போர்வை, நீலப் போர்வை. வரப்போற பாப்பா மட்டும் ஒண்ணு.

"ம்."

நடுக்கோட்டுல ஒரு வெள்ளைத் தொட்டில், கால்ல சக்கரம் வச்சது. அப்போ பரிதி சொந்தக்காரங்களுக்கு அனுப்பறதுக்கு வீடியோ எடுத்தான். தொட்டில் சும்மா நின்னா நல்லாவா இருக்கும்னு ஒரு தள்ளு தள்ளினான். கிரீச்... கிரீச்...

'ஏய் பரிதி, வெறும் தொட்டிலை ஆட்டாதே!'

'ஏன், யாராவது வந்து படுத்துக்குவாங்களா?'

'ஆட்டாதேன்னா விடேன்.'

'வந்தா வரட்டுமே மொழி. இவ்வளவு பெரிய ரூம். ரெண்டு பக்கத்துல ஒரு பக்கம் காலியாத்தானே கிடக்கப் போகுது.'

சிரிச்சுக்கிட்டே சொன்னான். ஆனா அந்தத் தொட்டில் நிக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆச்சு.

"ம்."

அப்புறம் பாப்பா பொறந்துச்சு. பொண்ணு. 'அப்போ பிங்க்தான்'னு பரிதி நீலத்தையெல்லாம் மூட்டை கட்டி லாஃப்ட்ல ஏத்திட்டான். நீலப் போர்வையோட கவரைக்கூடப் பிரிக்கலை. தொட்டிலை பிங்க் பக்கம் மூலைக்குத் தள்ளி வச்சான். காலையில பார்த்தா, தொட்டில் நடுக்கோட்டுல நிக்குது.

'நீதானே தள்ளினே?'ன்னு மொழி கேட்டா.

'நான் ஏன் தள்ளணும்? உங்க வீட்டு ஆவி ஏதாவது வந்திருக்கும்.'

'எங்க வீட்டுல யாரும் இவ்வளவு வேலை செய்ய மாட்டாங்க.'

சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டாங்க. மறுநாளும் தொட்டில் நடுக்கோட்டுலதான். பாப்பா நீலப் பக்கம் திரும்பிச் சிரிச்சுக்கிட்டு இருந்தா. சிரிப்பா, கொஞ்சம் நிறுத்துவா, மறுபடி சிரிப்பா. எதிர்ல யாரோ ஏதோ பண்ணிக் காட்டற மாதிரி.

"யாரு சித்தி?"

கதையைக் கேளு. அப்புறம் அவங்க பெயின்டரைக் கூப்பிட்டு நீலத்து மேல பிங்க் அடிக்கச் சொன்னாங்க. சுவர் முழுக்கக் காஞ்சுது, முட்டி உயரத்துல ஒரு இடத்தைத் தவிர. உன் உள்ளங்கை அளவுதான். தொட்டா பிசுபிசுன்னு ஒட்டும். ரெண்டாவது தடவை அடிச்சும் காயலை. அந்த இடத்துல மட்டும் நீலம் மேல வந்துடுச்சு.

'சுவர்ல ஈரம் ஊறுதும்மா, ஓதம்,' ன்னார் பெயின்டர்.

'இதுக்கு அந்தப் பக்கம் எங்க பெட்ரூம் அண்ணே. தண்ணியே கிடையாது.'

அவர் குனிஞ்சு அந்த இடத்து மேல தன் கையை வச்சுப் பார்த்தார். எடுத்துக்கிட்டார். டப்பாவை மூடினார், டப்புனு. நாளைக்கு வரேன்னு போனவர் அப்புறம் போனையே எடுக்கலை.

அன்னைலேருந்து பாப்பா பால் குடிக்கறதை நிறுத்திட்டா. வாயைத் திறந்துக்கிட்டு அந்தச் சுவரையே பார்ப்பா. டாக்டர் எல்லாம் நார்மல்னார். கன்னம் வத்திப் போச்சு. கையைத் தூக்கினா பொத்துனு விழுந்துச்சு.

"பாப்பா செத்துப் போயிடுமா?"

ம்ஹும். கண்ணை மூடிக்கிட்டே கேளு. அப்போ பரிதி, இந்த ரூமே வேண்டாம்னு கதவைப் பூட்டிட்டான். மத்தியானம். மொழி ஹால்ல பாப்பாவை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பூட்டின ரூமுக்குள்ளேயிருந்து சத்தம். கிரீச்... கிரீச்...

பாப்பாவோட நெஞ்சும் அதே தாளத்துல ஏறி இறங்கிச்சு. கிரீச்சுக்கு ஒரு மூச்சு. கிரீச்சுக்கு ஒரு மூச்சு. அப்புறம் சத்தம் மெதுவாச்சு. கிரீ...ச். மூச்சும் மெதுவாச்சு.

'அந்தத் தொட்டிலை உடைச்சு வெளில எறியறேன்!'

'தொடாதே பரிதி! அது நின்னா இவளும் நின்னுடுவா!'

மொழி பாப்பாவைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினா. கதவைத் திறந்தா. தொட்டில் நிக்கப் போற நேரம். பிடிச்சு ஆட்டினா. ஆட்டாதேன்னு சொன்னவளே ஆட்டினா, வெறும் தொட்டிலை. பாப்பா ஹக்குனு மூச்சு இழுத்தா.

"ம்..."

பரிதி வாசல்லயே நின்னுட்டான். 'எவ்வளவு நேரம் ஆட்டுவே மொழி?'

அவ தொட்டிலை ஆட்டிக்கிட்டே நீலப் பக்கம் பார்த்துப் பேசினா. 'நாங்கதான் கூப்பிட்டோம். கூப்பிட்டுட்டு உன் சாமானை எல்லாம் தூக்கி மேல போட்டுட்டோம். கோச்சுக்காதே. இவளை விடு. நீயும் இரு.' அப்புறம் பரிதிகிட்ட, 'அந்தப் போர்வையை எடு'ன்னா.

அவன் லாஃப்ட்ல ஏறி எடுத்துட்டு வந்தான். கவரைக் கிழிச்சாங்க, பர்ர்ருனு. பாப்பாவைத் தொட்டில்ல ஒரு ஓரமாப் போட்டு, பக்கத்துல மிச்சம் இருந்த இடத்துல நீலப் போர்வையை விரிச்சா மொழி. தொட்டில் சட்டுனு நின்னுடுச்சு. பரிதி கண்ணை மூடிக்கிட்டான்.

பாப்பா மூச்சு நிக்கலை. அது பாட்டுக்கு வந்துச்சு, போச்சு. பக்கத்துல அந்தப் போர்வையும் லேசா உப்பி, அடங்கி, உப்பி, அடங்கி.

அப்புறம் பாப்பா அழுதா. பசி அழுகை. மடக் மடக்குனு பால் குடிச்சா. பரிதி அந்த வாரமே சுவரைச் சுரண்டி, அவன் கையாலேயே மறுபடி நீலம் அடிச்சான். அன்னைலேருந்து பாப்பா படுக்கும்போதெல்லாம் ரெண்டு போர்வை.

"போடலைன்னா?"

போட்டுடுவாங்க.

"அந்தப் பாப்பா இப்ப எங்க சித்தி?"

தூங்கப் போறா. கதை அடங்கியாச்சு, வீடு அடங்கியாச்சு, நீயும் அடங்குடி குட்டி.

குழந்தை வாயைத் திறந்தபடி தூங்கிப் போயிருந்தாள்.

"ம்."

சித்தி பிங்க் போர்வையைக் குழந்தையின் கழுத்து வரை இழுத்துவிட்டாள். பிறகு கட்டிலைச் சுற்றிப் போய், சுவரோரம் மடித்து வைத்திருந்த நீலப் போர்வையை எடுத்து உதறி, காலியாக இருந்த பாதியில் விரித்து, ஓரங்களைச் செருகினாள்.