விளிம்பில் இருந்த கை

“இருபது வருஷமா வயித்தைத் திறந்து பாக்குதவன் நான். எனக்கு ஒரு படத்தைத் துடைக்கச் சொல்லித் தர உங்களுக்கு ரெண்டு நாளா?”

டாக்டர் சங்கரநயினார் கத்தியது இதுதான், ஒரு எழுத்து கூடக் குறையாமல். குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிறவர், வயது ஐம்பத்திரண்டு. கத்தியது பிரிசில்லாவிடம். அவளுக்கு முப்பத்தொன்று. ஸ்கேன் படங்களை அடுக்கி முழு உருவமாக்கிக் காட்டும் சாப்ட்வேரை, டாக்டர்களைத் தங்கள் கையாலேயே செய்யவைத்துப் பழக்குவது அவள் வேலை. நெல்லையில் ஒரு ஓட்டல் ஹால். இருபது டாக்டர்கள், இருபது லேப்டாப். டாக்டர்களுக்குப் பாடம் எடுப்பதற்குப் பதில் பூனையைக் குளிப்பாட்டிவிடலாம்.

அங்கே அவள் குரு, அவர் சீடர். இதை ஜீரணிக்கவே அவருக்கு முதல் நாள் முழுக்கப் போயிற்று.

“எந்தப் படம் டாக்டர்?”

“நீங்க கொடுத்த பயிற்சிப் படம் இல்ல. என் பேஷண்ட். நாலு வயசுப் பொம்பளைப் பிள்ளை. வியாழக்கிழமை ஆபரேஷன்.”

ஸ்கிரீனில் குழந்தையின் சிறுநீரகத்தில் ஒரு கட்டி. அதற்குச் சிவப்புப் பூசியிருந்தார். பக்கத்தில் ஓடும் பெரிய ரத்தக்குழாய்க்கு நீலம். இரண்டும் தொடுகிற இடத்தில் விளக்குமாற்றுக் குச்சிகளை விசிறிப் போட்ட மாதிரி வெள்ளைக் கோடுகள்.

“கட்டி குழாயை ஒட்டி நிக்குதா, உள்ளயே நுழைஞ்சிட்டுதா? அது தெரியாம நான் கத்தியை எடுக்க முடியாது. சரியா அங்க வந்து கோடு விழுந்து கிடக்கு. இதை எப்படி எடுக்கது?”

“கோடு எதனால வந்தது?”

“பிள்ளையை ஆட்டிட்டா.”

“யாரு?”

“அவ அம்மாதான். ஸ்கேனுக்கு மயக்கம் கொடுக்குத டாக்டர் லீவு. கதிர் படாம இருக்க அவளுக்கே ஈய அங்கியை மாட்டி, பிள்ளையைப் பிடிச்சிக்கோன்னோம். பத்து செகண்டு ஒழுங்காப் பிடிக்கத் தெரியல. வார்டுல வச்சுக் கேட்டேன், பெத்துட்டா மட்டும் போதுமான்னு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“சாயங்காலமே பிள்ளையைத் தூக்கிட்டு ஊருக்குப் போயிட்டா. நர்ஸு போன் போட்டா, அந்த டாக்டர்ட்ட வரமாட்டேங்கா. எங்க போயிருவா? வருவா. நீங்க கோட்டை எடுக்க வழியைச் சொல்லுங்க.”

பிரிசில்லா வழியைச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“இதுல என்னென்ன வெட்டினீங்க?”

“மேசை, போர்வை, ஓரத்துல கிடந்த குப்பை. நேத்து நீங்கதான கத்திரிக்கோல் சொல்லித் தந்தீங்க?”

“எல்லாத்தையும் திரும்பக் கொண்டு வாங்க.”

“ரெண்டு மணி நேரம் உக்காந்து வெட்டினது மேடம்!”

“திரும்ப வர ரெண்டு நிமிஷம்தான்.”

முறைத்தார். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவந்தார். மேசை வந்தது. போர்வை வந்தது. ஓரத்துக் குப்பையும் வந்தது.

“இப்ப தோலைப் போடுங்க.”

“தோலா? அதை வச்சு நான் என்ன செய்ய?”

“போடுங்களேன்.”

போட்டார். சிவப்பும் நீலமும் உள்ளே மறைந்தன. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வயிறு வந்தது, நடுவில் தொப்புளோடு. இடுப்பின் இரு பக்கமும் விரல்கள். பெரியவளின் விரல்கள். இடது மணிக்கட்டில் ஒரு கவரிங் வளையல். கோடுகள் எல்லாம் அந்த உலோகத்தில் பட்டுச் சிதறி, அதிலிருந்துதான் கிளம்பியிருந்தன.

“வளையலு” என்றார். “பிள்ளை மேல கிடந்ததை எல்லாம் கழட்டினோமே. கொலுசு, அரைஞாண், கம்மல்…”

“அம்மா மேல?”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார்.

“குழந்தை ஆடியிருந்தா விளிம்பு ரெட்டை ரெட்டையாத் தெரியும். தேடிப் பாருங்க.”

முந்நூறு படங்கள். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மற்றவர்கள் டீ குடிக்கப் போய், குடித்துவிட்டு, இன்னொரு பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவர் இன்னும் தேடிக்கொண்டிருந்தார். ஒரு விளிம்பும் ரெட்டையாக இல்லை. விரல் பதிந்த இடங்களில் மட்டும் தோல் லேசாகக் குழிந்திருந்தது. நழுவாத அளவுக்கு, வலிக்காத அளவுக்கு.

“அப்ப கோட்டை எடுக்க வழியே இல்லையா டீச்சர்?”

இரண்டு நாளில் இப்போதுதான் டீச்சர்.

“மங்கலாக்கலாம். பார்க்க அழகா இருக்கும். அடியில என்ன இருக்குன்னு அந்தப் படத்துக்கே தெரியாது. இன்னொரு தடவை எடுக்கணும்.”

“ஸ்கேனுக்கு மயக்க டாக்டர் வர இன்னும் பத்து நாளாகும். வியாழக்கிழமை ஆபரேஷனுக்கு மட்டும்தான் வெளியூர்க்காரர் ஒருத்தர் வாராரு. கட்டி அதுவரைக்கும் சும்மா இருக்காது. பிள்ளையை யாரு பிடிப்பா?”

பிரிசில்லா உருவத்தை மெல்லத் திருப்பி, அந்த விரல்கள் அவரைப் பார்க்கும்படி நிறுத்தினாள்.

“இந்தக் கை போதாதா டாக்டர்?”

அவர் போனை எடுத்து நர்ஸிடம் நம்பர் வாங்கினார். எழுந்து வெளியே போகவில்லை. அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி பேசினார்.

“மாரிச்செல்வியா? டாக்டர் பேசுதேம்மா. வச்சிராத. நீ ஆட்டல. இப்பத்தான் முழுசும் பாத்தேன். பிள்ளை ஒரு இம்மி அசையல. உன் கையில வளையல் கிடந்ததை நாங்கதான் பாக்கல. அதுக்கு உன்னை வார்டுல வச்சு ஏசிட்டேன். நீ வந்ததும் அதே வார்டுல வச்சே சொல்லுதேன், தப்பு எம்மேலதான்.”

அந்தப் பக்கம் போன் வைக்கப்படவில்லை. தூரத்தில் ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை படம் எடுக்கணும்மா. அன்னைக்குப் பிடிச்ச மாதிரியே, நீ வந்து பிடிச்சிக்கிடுதியா?”