பச்சையாகிப்போன நீலக்கல்

மன்னர் யாத்திரை போனதும் திவான் அவருடைய அங்கியை மாட்டிக்கொண்டு அரியணையில் அமர்ந்தார். ஒரு நாள், அரண்மனைக் கற்களைத் துடைக்கும் பூவாயியை அழைத்தார். அவள் செப்புச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள்.

"செப்புச் சுரங்கத்திலிருந்து வந்த இந்தக் கல்லின் வடிவம் நீலக்கல்லுடையது. நிறமோ பச்சை. நீலத்தை எங்கே ஒளித்தாய்? சொல்லாவிட்டால் சிறை!"

பூவாயி கல்லைக் கையில் ஏந்தினாள். ஆழ்குளத்துப் பாசிபோல் அது மினுங்க, சபை கனவில் மிதப்பதுபோல் அதையே பார்த்தது.

"யாரும் எடுக்கலைங்க ஐயா. மண்ணுக்குள்ள யுகயுகமா தண்ணி கசிஞ்சு, நீலம் கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சிருக்கு. அந்த இடத்துல பச்சை குடியேறிடுச்சு."

"உள்ளே இருப்பது மாறினால் வடிவம் மாறாதா?"

"ராசா அங்கிக்குள்ள இப்ப நீங்க இருக்கீங்க. அங்கி மாறுச்சுங்களா?"

திரைக்குப் பின்னால் ராணி சிரித்துவிட்டாள். திவான் மெல்ல இறங்கி நின்றார். மன்னர் திரும்பும்வரை அரியணை காலியாகவே இருந்தது.