மஞ்சள் குளித்து வந்த தம்பி

அந்தக் காலத்தில் பூனைகளுக்குப் பேச்சு இருந்தது. உடம்பை நக்கிக்கொள்ளும் பழக்கம்தான் இல்லை. தூசியோ மீன் செதிலோ எது ஒட்டினாலும் அப்படியே திரியும்.

பனங்காட்டை ஒட்டிய ஓர் ஊரில் மாடத்தி என்பவளின் வீட்டில் சாம்பி என்ற இளம் பூனை வளர்ந்தது. அதற்குக் கண் திறக்கும் முன்பே தாய்ப்பூனை அதைக் கவ்விக்கொண்டு வந்து அங்கே விறகுக்குள் வைத்தது. மிச்சமிருந்த இன்னொரு குட்டியை எடுத்துவரத் திரும்பிப் போனபோது வழியில் நாய்கள் தாயைக் கொன்றுபோட்டன. ஆகவே சாம்பி தன் தம்பியின் முகத்தைப் பார்த்ததே இல்லை. பால் குடிக்கும்போது பக்கத்தில் வந்த வாசம் மட்டும்தான் அதற்கு நினைவிருந்தது.

தினமும் சாம்பி பாதிச் சோற்றை ஒதுக்கி வைக்கும்.

"ஏட்டி, இது யாருக்கு?" என்பாள் மாடத்தி.

"என் தம்பி வருவாம்லா, அவனுக்கு. பால் குடிக்கையில எனக்கு வலப்பக்கம் படுத்திருப்பான் யம்மா."

இதைக் கேட்டுக் கேட்டு மாடத்திக்கு மனசு பொறுக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் விசாரித்தாள். கடைசியில் ஒரு தோட்டத்து வீட்டில், தாயில்லாமல் கத்திக் கிடந்தது என்று அவர்கள் எடுத்து வளர்த்த அந்தக் குட்டி கிடைத்தே விட்டது. ஓலைப்பெட்டியில் படுக்கவைத்துத் தூக்கி வந்தாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். வீட்டுக்குப் புதிதாக வருவது மருமகளோ கன்றுக்குட்டியோ, மஞ்சள் தண்ணீரில் குளித்துத்தான் வாசல் தாண்ட வேண்டும். மாடத்தி பெட்டியை முற்றத்தில் வைத்துவிட்டு, மஞ்சளை அரைத்துக் குட்டிக்குக் காது முதல் வால் வரை தேய்த்துக் குளிப்பாட்டினாள். போதாததற்குச் சாம்பிராணிப் புகையும் காட்டினாள். அவள் செய்ததில் பாசத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

"ஏட்டி சாம்பி, உன் தம்பியக் கொண்டாந்துட்டேன், வந்து பாரு!"

சாம்பி விழுந்தடித்து ஓடி வந்தது. மூக்கை நீட்டி முகர்ந்தது. முதுகு மயிர் சிலிர்த்துக்கொண்டது.

"யாரு இது? மஞ்சள் நாத்தம் அடிக்கு. என் தம்பி வாசம் எனக்குத் தெரியாதா?"

"நாந்தாங்க்கா," என்றது குட்டி. "உன் வாசம் எனக்குத் தெரியுதே. பால் குடிக்கையில நான் உனக்கு வலப்பக்கம்லா படுத்திருப்பேன்."

சாம்பி மாடத்தியை முறைத்தது. "நான் உங்கிட்ட தெனமும் சொன்ன கதைதான யம்மா இது? சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்க."

"சத்தியமா நான் ஒரு வார்த்தை சொல்லலட்டி! அவனாத்தான் சொல்லுதான்."

குட்டிக்கு நல்ல பசி. மூலையில் ஒதுக்கி வைத்திருந்த சோற்றில் போய் வாய் வைத்தது.

"அது என் தம்பி சோறு!" என்று சாம்பி பாய்ந்து, நகத்தை நீட்டி ஓங்கி அறைந்தது. குட்டியின் மூக்கு கிழிந்து ரத்தம் வந்தது.

குட்டி திருப்பி அடிக்கவில்லை. வாயிலிருந்த சோற்றையும் கீழே விட்டது. "அப்போ நான் உன் தம்பி இல்லபோலக்கா" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி ஓடியது. மாடத்தி கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினாள். அது உடைமுள் புதருக்குள் நுழைந்து மறைந்துவிட்டது.

சாம்பி முற்றத்தில் கிடந்த ஓலைப்பெட்டியை எட்டிப் பார்த்தது. அதில் யாரும் மஞ்சள் பூசவில்லை. உள்ளே தலையை விட்டு முகர்ந்தது. பிறந்த அன்றைக்கு முகர்ந்த அதே வாசம்.

மூன்று நாள் சாம்பி பனங்காடு முழுக்கக் கத்திக்கொண்டு அலைந்தது. "தம்பி, நாந்தாண்டா தப்பு. வந்துருடா." முள் குத்தி நான்கு காலும் வீங்கியதுதான் மிச்சம். பதில் வரவில்லை.

மாடத்திதான் அதைத் தூக்கி வந்து மடியில் போட்டு, அழுதுகொண்டே தடவிக் கொடுத்தாள். சாம்பி துள்ளி விலகியது. அவள் கைபட்ட இடத்தைத் திரும்பித் திரும்பி நக்கியது.

"என்னட்டி செய்யுத?"

"என் வாசத்தையும் அழிச்சிராத யம்மா. அவனுக்கு என்கிட்ட தெரிஞ்சது இது ஒண்ணுதான்."

அந்தத் தம்பி கடைசிவரை வரவே இல்லை. ஆனாலும் அன்று தொடங்கியதுதான், யார் எவ்வளவு ஆசையாகத் தடவிக் கொடுத்தாலும் பூனை உடனே திரும்பி அந்த இடத்தை நக்கிக்கொள்வது.