அடியில் ஒரு வரி

"நான் ஒரு தப்பும் பண்ணலைம்மா" என்று ஆரம்பித்தார் அருமைநாயகம். தப்பு பண்ணாதவர் அதைச் சொல்லவா அத்தனை படி ஏறி வருவார்?

ஆசிரமத்தின் மின்னஞ்சல் குழு அவர் பொறுப்பு. யார் எழுதினாலும், எழுதியவர் பெயரிலேயே நானூறு பேருக்குப் போகும்.

அம்மை அவரைவிட இருபது வயது சின்னவர். ஆனாலும் குரு. கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன ஆச்சு?"

"நாக்பூர் செண்பகவல்லி, குழுவிலிருந்து தன் பேரை எடுத்துடச் சொல்லி எழுதியிருக்காங்க."

"ஏன்?"

"போன மாசம் அவங்க அம்மா தவறிட்டாங்க. 'இனி இந்த வீட்டில் என்னோடு தமிழ் பேச ஆளில்லை, யாராவது ஒருவர் போன் செய்யுங்கள்'னு நம்பரோட குழுவுக்கு எழுதினாங்க. பதினோரு நாள் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்களாம். ஒருத்தர்கூடக் கூப்பிடலை."

அம்மையின் கை நின்றது.

"நானூறு பேருமா?"

"கடிதம் யாருக்குமே போய்ச் சேரலைம்மா. அவங்க மெயில் கம்பெனி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு முத்திரை வைக்குது. ஒரு எழுத்து கூடினாலும் முத்திரை பொருந்தாது. பொருந்தாததைத் திருப்பிடணும்னு அவங்க கம்பெனி மட்டும் கறாரா சொல்லிவச்சிருக்கு. பேர் அவங்களோடது, வந்தது நம்மகிட்டயிருந்து, முத்திரையும் பொருந்தலை. யாரோ அவங்க பேர்ல போலியா எழுதுறாங்கன்னு எல்லா இடத்துலயும் திருப்பிட்டாங்க."

"என்ன கூட்டினீங்க?"

"நான் எங்கம்மா கூட்டினேன்? எல்லாக் கடிதத்துக்கும் கம்ப்யூட்டர் தானா சேர்க்கிறதுதான். அடியில ஒரு வரி. நீங்க கொடுத்தது."

"எது?"

அருமைநாயகம் தரையைப் பார்த்தார்.

"'இங்கே யாரும் தனியாக இல்லை.'"

அம்மைக்கு வலித்தது. வலித்ததை மறைக்கவும் இல்லை.

"அதை எடுத்துடுங்க."

"எடுத்துட்டேன்மா. இனிமே நம்ம முகவரியிலேயே எல்லாம் போகும், எழுதினவங்க பேர் பக்கத்துல வரும். எதுவும் திரும்பாது." அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "கையில கிடைக்காத கடிதத்துக்கு யார்தான் போன் பண்ணுவாங்க, நீங்களே சொல்லுங்க?"

"குழுவுக்கு வர்றதை யார் பார்த்து அனுப்புறது?"

"நான்தான். நான் படிச்சு, சரின்னு விட்டாத்தான் போகும்."

"இதை எப்போ படிச்சீங்க?"

"வந்த அன்னைக்கே."

அம்மை அடுத்த கீரைத் தண்டை எடுத்தார்.

"அப்போ ஒருத்தருக்குப் போய்ச் சேர்ந்திருக்கு."