சேனைச்சாறு அருந்திய மாசிலாமணியார்

புங்கங்குடி என்னும் ஊரில் மாசிலாமணியார் என்றோர் அடியார் வாழ்ந்திருந்தார். விடிவதற்கு முன்பே கோயில் விளக்குகளைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி வைப்பார். பகலெல்லாம் மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லித்தருவார். மாலைப் பூசையில் திரை விலகும்போது பெருமான் முன் நின்று தாமே பாடுவார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் அவர் உயிரை வைத்திருந்தார். மனைவி மக்கள் இல்லை. கோயிலில் தரும் தேங்காய் மூடியும் ஒரு பட்டைச் சோறுமே அவருக்குச் சம்பளம்.

பிள்ளைகள் அவரைப் படுத்திய பாட்டைச் சொல்ல வாய் கூசுகிறது, கண்ணுகளே. பாடும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அந்தச் சமயம் பார்த்து ஒவ்வொருவராக நழுவி, வெளியே நின்று சிரிப்பார்கள்.

"தேங்காமூடி யாருக்குடா பாடுது?"

"தூணுக்குத்தான். தூணு தலையாட்டுது பாரு!"

அவர் கண் திறப்பார். ஆளில்லாத மண்டபத்தைப் பார்ப்பார். ஆனாலும் பாட்டைப் பாதியில் விடமாட்டார். முடித்துக் கும்பிட்ட பிறகே, "உள்ள வாங்கப்பா, வெயில்ல நிக்காதீங்க" என்பார்.

அவர்களுள் தியாகேசன் நல்ல குரல்காரன். மார்கழித் திருவாதிரையன்று ஊரே கூடியிருக்கத் தானே பாடவேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்தாட்டியது. ஆசிரியர் பாடப் போகுமுன் சுக்குக் கஷாயம் காய்ச்சித் தருவது மாணாக்கர் வேலை. அன்று அதைக் காய்ச்சியவன் தியாகேசன். காட்டுச்சேனையை இடித்துப் பிழிந்த சாற்றை அதில் கலந்துவிட்டான்.

மாசிலாமணியார் ஒரு வாய் குடித்தார். நாக்கு அரித்தது, புரிந்துவிட்டது. எதிரில் கோயில் தர்மகர்த்தா கைப்பிரம்போடு நின்றிருந்தார். துப்பினால் பிள்ளையின் முதுகுத்தோல் உரியும். மிச்சத்தையும் மடமடவென்று குடித்து, குவளையைக் கவிழ்த்து வைத்தார்.

பூசைக்குள் தொண்டை வீங்கிக் குரல் அடைத்துப்போயிற்று.

"நாளும் கிழமையுமா இப்படியாங்காணும்?" என்று தர்மகர்த்தா கடிந்தார்.

"வயசாச்சுங்க" என்று காற்றாய் வந்தது பதில்.

"அப்ப இனிமே தியாகேசனே பாடட்டும். நீர் விளக்கோட நிறுத்திக்கும்."

பாடும் தொண்டு கைமாறினால் அவ்வூரில் பூக்கேட்பது வழக்கம். குருக்கள் பெருமான் திருமுடியில் ஒரு பூவை வைப்பார். பாட்டு முடிவதற்குள் அது வலப்பக்கம் விழுந்தால் பாடியவருக்கு உத்தரவு என்று பொருள்.

தியாகேசன் பாடினான். தேனாய்த்தான் பாடினான். பூ அசையவில்லை. பக்கத்தில் பார்த்தான். ஆசிரியர் அழவில்லை, கோபிக்கவில்லை. கைகூப்பி, "பிள்ளைக்குக் குடுத்துடு சாமி" என்று அவனுக்காகக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அவனால் மேலே பாட முடியவில்லை. அவர் காலில் விழுந்தான்.

"ஐயா, கஷாயத்துல சேனையைப் பிழிஞ்சவன் நான்தான்யா!"

"தெரியும்டா. எழுந்திரு."

தர்மகர்த்தா பிரம்பை ஓங்கினார். மாசிலாமணியார் குறுக்கே நின்றுகொண்டார். பிறகு சன்னிதியைப் பார்த்து, கேட்டும் கேளாத குரலில் சொன்னார்:

"இத்தனை வருசமா ராகம் சொல்லிக்குடுத்தேன். இரக்கம் சொல்லிக்குடுக்கலையே. குத்தம் என்னுது சாமி, என்னுது."

கண்ணீர் வழிய, வழக்கம்போல் பாடத் தொடங்கினார். ஒலி எழவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. சொல்லுக்குச் சொல், அடிக்கு அடி, அந்த ஊமைப் பாட்டு நடந்தது. ஊர் மூச்சை அடக்கிக் கேட்டது. கடைசி அடிக்கு உதடு போனபோது பெருமான் திருமுடியிலிருந்த பூ வலப்பக்கம் உருண்டு விழுந்தது.

குருக்கள் ஓடிவந்து அவர் தலையில் பரிவட்டம் கட்டினார். "கோயில் உள்ளளவும் நீரே பாடும்" என்று தர்மகர்த்தா பிரம்பைக் கீழே போட்டுக் கும்பிட்டார்.

சில நாளில் குரல் திரும்பியது. முன்போல் இல்லை, கரகரத்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் தியாகேசனுக்கு நெஞ்சு அறுக்கும். அவர் மன்னித்துவிட்டார்; அவனால்தான் தன்னை மன்னிக்க முடியவில்லை. ஆயினும் ஒருநாளும் விலகி ஓடாமல், அவர் அருகிலேயே நின்று அந்தக் குரலைக் கேட்டு வாழ்ந்தான்.

தம்மை வருத்திய பிள்ளையின் குற்றத்தையும் தமதென்று ஏற்றுக்கொண்ட மாசிலாமணியார் திருவடிகளை நாமும் தலைதாழ்த்தி வணங்குவோம்.