மீந்த பொட்டலம்

முன்னே ஒரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கதையே. நல்ல ராஜாதான். சாப்பாட்டில் ருசி, வேட்டையில் ஆசை, சிரிப்பென்றால் உயிர். அவரைச் சிரிக்க வைப்பதற்கென்றே சபையில் ஒரு விகடகவி இருந்தான். பெயர் அம்பலக்கூத்தன். ராஜா செல்லமாகக் 'கூத்தா' என்று கூப்பிடுவார்.

இரண்டு வருஷமாக அந்த நாட்டில் மழை பெய்யவில்லை. ராஜாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயத்தோடு பக்தியும் வந்தது. வந்த பக்தியை ராஜகுரு ஈசான பட்டர் அழகாகத் தன் மடியில் முடிந்துகொண்டார். "மகாராஜா, இனி எதையும் தாங்களாக முடிவு செய்ய வேண்டாம். முகில்காத்தாள் அம்மன் சன்னிதியில் பூக்கட்டிப் பார்த்துச் செய்யுங்கள்" என்றார்.

பூக்கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரியாததா? ஓர் இலைத்துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, வாழைநாரால் கட்டி, அம்மன் காலடியில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். ஒன்றை எடுத்துப் பிரித்தால் சிவப்புக்கு 'ஆம்', வெள்ளைக்கு 'இல்லை'. அந்த நாட்டில் இதற்குக் கடுமையான சட்டம் உண்டு. காலடியில் வைத்த பொட்டலத்தை மாற்றக் கூடாது. கேள்வி கேட்காமல் பிரிக்கக் கூடாது. கேட்டுவிட்டால் பிரிக்காமல் விடவும் கூடாது. வேறு கேள்வி இல்லாவிட்டால் மீந்த பொட்டலத்தைப் பிரிக்காமலே குளத்தில் விட்டுவிட வேண்டும்.

முதலில் எல்லோரும் இதை வேடிக்கையாகத்தான் பார்த்தார்கள். கத்தரிக்காய்க் கறியா புடலங்காய்க் கூட்டா என்பதற்குக்கூட ராஜா பூக்கட்டிப் பார்த்தார். அப்புறம் வழக்குகளும் பூவுக்குப் போயின. மாட்டைப் பறிகொடுத்த குயவன் ஒருவன் முறையிட வந்தான். 'இவன் சொல்வது பொய்யா?' என்று அம்மனைக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. மாடும் போய், குயவன் சிறைக்கும் போனான். அதற்கப்புறம் ஊரில் யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. நந்தியாவட்டைச் செடியைப் பார்த்தாலே ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள்.

கூத்தன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டலம் கட்டுவது பட்டர் ஒருவர்தான். பட்டருக்கு வேண்டியவனுக்கு ஒருநாளும் பொல்லாப்பு வந்ததில்லை, வேண்டாதவனுக்கு ஒருநாளும் நல்லது வந்ததில்லை. கட்டுகிறபோதே இரண்டிலும் ஒரே நிறத்தை வைத்துவிட்டால் எதை எடுத்தால் என்ன? இது புரிந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுக்கும் ஒரு கழுத்துதானே இருந்தது!

ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே! ஒருநாள் மத்தியானம் சபையில் புராணம் நடந்தது. "அம்பாள் அறியாதது அகில லோகத்திலும் இல்லை. நம் நெஞ்சுக்குள் இருப்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். அவள் நம் நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறாள்" என்று பட்டர் உருகினார். கூத்தன் தன்னை மறந்து கேட்டுவிட்டான்.

"நெஞ்சுக்குள்ளேயே இருக்கிறவள் அங்கேயே சொல்லிவிடலாமே, சுவாமி. இலையும் நாரும் எதற்கு? அந்த நாரில் முடிச்சுப் போடுவது அவள் கையா, தங்கள் கையா?"

வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ராஜா சிரித்துவிடுவார், அதோடு போய்விடும். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை.

பட்டர் ஏட்டை மூடினார். "பிரபு, மழை ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே! இதோ காரணம் வாய் திறந்து பேசிவிட்டது. அம்மனை நிந்தித்தவன் சபையில் உட்கார்ந்து தங்கள் சோற்றைத் தின்கிறான். இவனை அவள் பலி கேட்கிறாளோ என்னவோ, நான் அறியேன். அவளையே கேட்டுவிடுங்கள்."

"நாளை வெள்ளிக்கிழமை" என்றார் ராஜா. "காலையில் கேட்போம்." கூத்தன் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் கூத்தன் வீட்டு வாசலில் இரண்டு ஈட்டிக்காரர்கள் நின்றார்கள். உள்ளே அவன் மனைவி செங்கமலம் அடுப்பைப் பற்றவைக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"சாமி இருக்கோ இல்லியோ, உங்க வாய்க்கு ஒரு பூட்டு இருந்திருந்தா போதும்" என்றாள். "எத்தனை தடவை சொன்னேன்!"

"ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளிதான் இருக்கும், கமலம்."

"தெரியுதுல்ல? ராஜாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"பிரிச்சுக் காட்டுன்னு கேட்கணும். கேள்வி இல்லாம பிரிக்கிறவனுக்கும் அதே கத்திதான். கேள்வி கேட்டாச்சுன்னா சிவப்பு வரும். எப்படிப் போனாலும் கத்திக்கிட்டதான் போய் நிக்கணும்."

அவள் அழுதுகொண்டே மஞ்சள் துணியில் ஒரு காசை வைத்து அம்மனுக்கு முடிந்தாள். கூத்தன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு உள்ளுக்குள் வேறொரு பயம். பட்டர் கட்டிய பொட்டலத்துக்குப் பயப்படலாம், அது மனுஷன் வேலை. ஒருவேளை அம்மன் நிஜமாகவே இருந்து, அவளே 'இந்த வாயாடி எனக்கு வேண்டாம்' என்று முடிவு கட்டியிருந்தால்? விவரம் தெரிந்த நாளிலிருந்து கும்பிட்டவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதற்கே இப்படி நடுங்க வேண்டுமா என்று தன்மேலேயே கோபம் வந்தது.

"இன்னொரு காசும் சேர்த்து முடி" என்றான்.

"இப்போ மட்டும் நம்பிக்கை வந்துடுச்சாக்கும்!"

"நம்பிக்கை இல்லடி, பயம்."

காலையில் கோயில் நிறைந்திருந்தது. பலிபீடத்துக்குப் பக்கத்தில் கத்தியைத் தீட்டிக் குங்குமம் தடவி வைத்திருந்தார்கள். கூத்தனைக் குளிப்பாட்டிக் கழுத்தில் மாலை போட்டிருந்தார்கள். அரளி மாலை. தூணுக்குப் பக்கத்தில் செங்கமலம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பட்டர் இரண்டு பொட்டலங்களை அம்மன் காலடியில் வைத்துவிட்டு ஒதுங்கினார். ராஜா கேள்வி கேட்க வாயெடுத்தார்.

"மகாராஜா" என்றான் கூத்தன். "சாகப் போகிறவனுக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு."

"சொல்."

"போன மாசம் தாங்கள் அனுப்பிய கிடாயை ராஜகுரு திருப்பி அனுப்பினார். காது கிழிந்திருந்ததாம். பலி பழுதில்லாமல் இருக்க வேண்டும் என்பது சாஸ்திரமாம். நானோ வாய் கிழிந்தவன். தெய்வ நிந்தனை செய்தவன். கிழிந்த காதே ஆகாது என்றவளுக்கு இந்தக் கிழிந்த வாயைக் கொடுப்பது அடுக்குமா? இந்த நாட்டிலேயே பழுதில்லாதவர் யார்? மூன்று வேளை ஸ்நானம், அம்மன் பெயர் சொல்லாமல் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காதவர். முதலில் அவர் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாமென்றால், நான் எங்கே போய்விடப் போகிறேன்?"

ராஜா யோசித்தார். பயந்த பக்திக்கு இந்த மாதிரிப் பேச்சு உடனே பிடித்துவிடும். "நியாயம்தான்" என்றார்.

பட்டர் முகத்தில் ஈயாடவில்லை. "பிரபு! இது விகடம்! சன்னிதியில் விகடம் கூடாது!"

"அம்மன் எல்லாம் அறிந்தவளாயிற்றே, சுவாமி" என்றான் கூத்தன். "தாங்கள் அவளுக்கு வேண்டாமென்றால் வெள்ளையைத் தரப்போகிறாள். இதில் பயப்பட என்ன இருக்கிறது?"

ராஜா கண்ணை மூடிவிட்டார். "அம்மா, பலியாக உனக்கு ராஜகுரு வேண்டுமா?"

"பிரிக்காதீர்கள்!" என்று பட்டர் அலறினார். கேட்டாகிவிட்டதே! ராஜாவின் கை நீண்டது, நார் அறுந்தது, இலை விரிந்தது. உள்ளே செவ்வரளி.

பட்டர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மகாராஜா, நான் பாவி! இரண்டிலும் சிவப்புதான் கட்டினேன்! கூத்தனை ஒழிக்கக் கட்டினேன்! அம்மன் சொல்லவில்லை, நான்தான் கட்டினேன்!"

இந்த இடத்தில் ராஜா சிரித்திருக்க வேண்டும். கூத்தன் அதைத்தான் நம்பியிருந்தான். பட்டரின் குட்டு வெளிப்படும், ராஜா வயிறு குலுங்கச் சிரிப்பார், வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். ராஜாவோ அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கட்டிய கை உம்முடையது" என்றார் ராஜா மெதுவாக. "கட்ட வைத்தவள் அவள். உம்மைக் கேட்பதற்காகவே உம்மைக் கொண்டே இரண்டிலும் சிவப்பைக் கட்ட வைத்திருக்கிறாள். மாலையைக் கழற்றி இவருக்குப் போடுங்கள்."

காவலர்கள் கூத்தன் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார்கள். செங்கமலம் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்க, போயிடலாம்" என்று முணுமுணுத்தாள். போய்விடலாம்தான். யாரும் தடுக்கப்போவதில்லை. கொல்லப் பார்த்தவன் சாகிறான், சாகட்டுமே! கூத்தன் இரண்டடி நடந்தும்விட்டான். பட்டரின் கால்கள் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கிழவர் அம்மன் பெயரைச் சொல்லவில்லை, தன் மகள் பெயரைச் சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

கூத்தன் நின்றான். நேற்றுவரை பூவை வைத்து மனுஷனை வதைத்தது பட்டர். இன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது யார்? நான்தானே! ஏட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, மேலே யார் இருக்கிறார்களோ இல்லையோ, இந்தக் கிழவர் செத்தால் அது என் கைவேலை. இதைத் தெரிந்துகொள்ள அவனுக்கு எந்தப் பூவும் வேண்டியிருக்கவில்லை. அவன் மனைவியின் கையை விடுவித்துவிட்டுத் திரும்பினான்.

"மகாராஜா, இன்னும் ஒரு பொட்டலம் மீந்திருக்கிறது."

"குளத்தில் விடு."

"அதற்கு முன்னால் ராஜகுருவிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சுவாமி, மழை பொய்த்தால் குற்றம் யாருடையது என்று நீதிநூல்கள் சொல்கின்றன?"

"அ... அரசனுடையது" என்று பட்டர் தேம்பினார். "செங்கோல் கோணினால் மழை..."

முடிப்பதற்குள் ஓர் ஈட்டி முனை கூத்தனின் மார்பில் பட்டது. ராஜாவின் முகம் கறுத்தது. "கூத்தா, என் தலையைக் கேட்கிறாயா?"

கூத்தன் இரண்டு கையையும் கூப்பினான். "ஐயோ, நான் கேட்க மாட்டேன், மகாராஜா. கேட்பதானால் தாங்களேதான் கேட்க வேண்டும். 'அம்மா, பலியாக நான் வேண்டுமா?' என்று. கேட்டுவிட்டால் பிரித்தே ஆகவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று கட்டியவரே சொல்லிவிட்டார். கட்ட வைத்தவள் அம்மன்தான் என்று தாங்கள் நம்பினால், கேளுங்கள். வெறும் மனுஷன் கட்டியது என்று நம்பினால், அந்தக் கிழவரை விட்டுவிடுங்கள். குயவனையும் விட்டுவிடுங்கள்."

ராஜா பொட்டலத்தைப் பார்த்தார். கை நீட்டினார். விரல் நாரைத் தொட்டது. வாயைத் திறந்தார். 'அம்மா' என்ற சொல் பாதிவரை வந்து நின்றுவிட்டது. நெற்றியிலிருந்து வேர்வை சொட்டி இலையின்மேல் விழுந்தது. கூத்தன் கண்ணை மூடிக்கொண்டான். ஈட்டி முனையை அழுத்தினால் எவ்வளவு வலிக்கும் என்று மட்டும்தான் அவனால் நினைக்க முடிந்தது.

முதலில் இருமல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் இன்னொன்று. கூத்தன் கண்ணைத் திறந்தபோது ராஜா சிரித்துக்கொண்டிருந்தார். பலிபீடத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கிரீடம் சரிய, மூச்சு முட்டச் சிரித்தார். ஜனங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"கூத்தா" என்றார் ராஜா. "எனக்குப் பயமா இருக்குடா."

"எனக்கும்தான், மகாராஜா."

ஈட்டி இறங்கியது. பட்டரை விட்டார்கள், ஊருக்கு வெளியே ஒரு நந்தவனத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையோடு. குயவன் வீடு வந்தான், மாடு வரவில்லை. இனிமேல் பூ அம்மன் கூந்தலுக்கு மட்டும்தான் என்று ராஜா பறைசாற்றச் சொன்னார். தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தன் கழுத்தில் போட்டார். அன்றைக்கு மழை பெய்ததா என்று கேட்பீர்கள். பெய்யவில்லை.

மீந்த பொட்டலத்தைத் தொட ஒருத்தருக்கும் துணிச்சல் இல்லை. "அதையும் நீயே கொண்டுபோ" என்றுவிட்டார் ராஜா. கூத்தன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு குளக்கரைக்கு வந்தான். செங்கமலம் கூடவே வந்தாள்.

"என்னங்க, பிரிச்சுப் பாக்கலாமா?"

"அதான் பட்டர் சொல்லிட்டாரே, சிவப்புதான்."

"அப்ப பிரிக்கிறதுக்கு என்ன?"

"கேள்வி கேட்காம பிரிக்கக் கூடாது."

"கேள்விக்கா உங்ககிட்ட பஞ்சம்? நீ இருக்கியா இல்லியான்னு அவளையே கேட்டுட்டுப் பிரிங்களேன்."

கூத்தன் முடிச்சின்மேல் விரலை வைத்தான். உள்ளே செவ்வரளி. பட்டர் கட்டியது, பட்டரே ஒப்புக்கொண்டது, ஊரே கேட்டது. அவனுக்கு எல்லாம் தெரியும். ஆனாலும் விரல் நகரவில்லை. குனிந்து பொட்டலத்தைத் தண்ணீரில் விட்டான். அது மிதந்து மிதந்து நடுக்குளத்துக்குப் போயிற்று.

"ஏன் கேக்கல?" என்றாள் செங்கமலம்.

முத்துமாலையைக் கையில் பிடித்தபடியே அவன் சொன்னான்: "அவ பதில் சொல்லிட்டா என்ன பண்றது?"